ஹார்ட்னர் பட்ட கண்: பைபர் படகு வேலையில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வாழைச்சேனை வாடிக்காரன்

பைபர் ஒட்டுகிறவர்களுக்கு ஹார்ட்னர் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பைபர் ஒட்டும் ரெசின் என்ற பசையை இறுக வைக்க அதில் கலக்கும் திரவம் அது. மச்சானின் படகில் அடிப்பக்கம் வெடிப்பு, விடிவதற்குள் கடலில் இறக்க வேண்டும் என்ற அவசரம். போத்தல் மூடி இறுகிக் கிடந்தது. அவர் போத்தலை நெஞ்சோடு அணைத்து, அழுத்திப் பிடித்து முறுக்கினார். மூடி விலகியதும் பிதுங்கிய துளி நேரே வலக் கண்ணுக்குள் போய்விட்டது.

அவர் கத்தவில்லை. சாரத்துத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒன்றுமில்லை, கொஞ்சம் எரிகிறது" என்றார். நான் கரையிலிருந்து வந்து சேர்ந்தபோது ஒருவர் ஆட்டோவுக்கு ஓடியிருந்தார். பக்கத்து வாடி ஆச்சி, தாய்ப்பால் விட்டால் ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்க் கான் மச்சானின் காலடியிலேயே நிரம்பி நின்றது. அதை எடுத்து அவர் முகத்தில் கவிழ்க்க ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. நான் கானைத் தூக்குவதற்குள் ஆட்டோ வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில்தான் அந்தக் கண்ணில் முதல் தண்ணீர் பட்டது.

இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். அந்தக் கான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கல்முனைத் தாதி

வாடிக்காரன் அண்ணா, உங்கள் மச்சானை நினைத்தால் மனம் தாங்கவில்லை. எங்களிடமும் ஒரு பையன் வந்தான், படகு வேலைதான். இமையைப் பிரிக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவனுடைய அம்மா ஹார்ட்னர் போத்தலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். லேபிளைப் பார்த்ததும் வைத்தியருக்கு விடயம் விளங்கிவிட்டது. அந்தத் தாயின் புத்தி எல்லோருக்கும் வர வேண்டும்.

அதற்குள் இருப்பது மெதைல் எதைல் கீற்றோன் பெரொக்சைட். கருவிழியை அரித்துவிடும். பட்டவுடன் வலி குறைவாக இருந்தாலும் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும், சிலருக்குப் பிறகு மெல்ல மெல்லப் பார்வை மங்கும். இங்கே கணக்கு நிமிடத்தில் இல்லை, விநாடியில். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுவலாம் என்று நினைத்தால் கண் போய்விடும். நின்ற இடத்திலேயே, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்றுங்கள். குறைந்தது 15 நிமிடம். நடுவில் நிறுத்தி, "தெரிகிறதா?" என்று விரலைக் காட்டாதீர்கள். கசக்கக் கூடாது. தாய்ப்பாலும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், வீட்டில் கிடக்கும் கண் மருந்தும் வேண்டாம். ஆச்சி நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த நேரத்தில் தண்ணீரைத் தவிர எல்லாமே தாமதம்தான். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பக்கமும் மூடிய கண்ணாடி போடாமல் அந்த மூடியைத் திறக்காதீர்கள். முகத்தை எட்ட வைத்துத் திறவுங்கள். கையுறை போடுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு கோப்பையும் பக்கத்தில் வையுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல.

ஒலுவில் நானா

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கண்ணை மட்டும் பேசிவிட்டு, ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தை விட்டுவிட்டீர்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளுக்குப் பைபர் படகுகள் நிறைய வந்தன. ஒட்டும் வேலையைப் பலர் பார்த்துப் பார்த்தே பழகினார்கள். ரெசினில் கோபால்ட் கலந்து வந்தால் பிரச்சினையில்லை. கலக்காத ரெசின் வந்த ஒரு நாள், வேலைக்கு வந்திருந்த பையன் நேரம் மிச்சம் என்று நினைத்து ஒரே யோகட் கோப்பையில் ஊதா நிறக் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் சேர்த்து ஊற்றினான். 'ஸ்' என்ற சத்தம். வெள்ளைப் புகை. அவன் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றான். நான் கத்திய கத்தில் மணலில் வீசினான். விழுந்த இடத்தில் குப்பென்று பற்றியது. அவனுடைய புருவம் கருகியதோடு போனது, அல்லாஹ் காப்பாற்றினான்.

கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஹார்ட்னர். இரண்டும் நேருக்கு நேர் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது.

பொத்துவில் உம்மா

நானா, வேலை தெரிந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டுக்குள் வருவதை யார் பேசுவது?

என் தம்பிக்குக் கடையில் சில்லறையாக அளந்து, சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். லேபிள் இல்லை. குளிராக வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதால் அவன் அதைக் கொண்டுவந்து எங்கள் பிரிஜ்ஜில் வைத்துவிட்டான். பள்ளிக்கூடத்தால் வந்த என் மகன் அதை எடுத்து, மூடியைக் கழற்றி, வாயருகே கொண்டுபோனான். மணம் வேறுமாதிரி இருந்ததால் "உம்மா, இது என்ன?" என்று கேட்டான். போத்தலின் வாய்க்கும் அவன் உதட்டுக்கும் இடையில் என் ஒரு விரல்கூட நுழைந்திருக்காது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

தாதித் தங்கச்சி, குடித்திருந்தால் என்ன செய்வது?

கல்முனைத் தாதி

ராத்தா, வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. இறங்கும்போது தொண்டையைச் சுட்டது ஏறும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வைத்து, போத்தலோடு உடனே ஆஸ்பத்திரி. கொஞ்சமாகக் குடித்தாலும் உணவுக்குழாயும் ஈரலும் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து. சோடாப் போத்தலில் விற்கிற கடையில் தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்.

களுவாஞ்சிகுடி பைபர்காரன்

நானா, யோகட் கோப்பையை நான் ஏற்கமாட்டேன். சில வகைக் கோப்பைகளை ரெசினில் உள்ள ஸ்டைரீன் கரைத்துவிடும். ரெஜிபோம் கோப்பை என்றால் கேட்கவே வேண்டாம், அடி கழன்று காலில் கொட்டும். பொலிதீன் வாளியில் கலக்குங்கள்.

எங்கள் வாடியில் நடந்தது வேறு. ஹார்ட்னர் சிந்தியதை மரத்தூளாலும் பழந்துணியாலும் துடைத்து மூலையில் போட்டிருந்தார்கள். மத்தியானம், சுடுகிற கச்சான் காற்று, தகரக் கூரை. யாரும் நெருப்பு வைக்கவில்லை, துணி தானாகப் புகைந்தது. பக்கத்தில் சட்டென்று தீப்பற்றும் அசிற்றோன் கான். நான் கானைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், தம்பி துணிக் குவியலில் தண்ணீரை ஊற்றினான்.

சிந்தினால் ஈர மணலைப் போட்டு அள்ளுங்கள், மரத்தூள் வேண்டாம். துடைத்த துணியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மிச்சத்தைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள், அழுக்கும் துருவும் பட்டால் உள்ளே சூடேறும். தகரத்திலும் கண்ணாடியிலும் ஊற்றி வைக்காதீர்கள், வந்த பிளாஸ்டிக் போத்தலிலேயே இருக்கட்டும். அசிற்றோன் விட்டு நீர்க்கவிடவே கூடாது. 30 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லி லேபிளில் இருக்கும். நம் வெயிலுக்கு வாடிக்குள் அது நடக்காது. நான் வீட்டுக்கு வெளியே, வேப்ப மர நிழலில், பூட்டுப் போட்ட மரப்பெட்டியில் வைக்கிறேன். பொத்துவில் ராத்தா, தம்பியிடம் அப்படி ஒரு பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். அளவும் கேட்டுக்கொள்ளுங்கள்: 100 கிராம் ரெசினுக்கு ஹார்ட்னர் 1 முதல் 2 கிராம்தான். கச்சான் காலத்தில் நான் 1க்கு மேல் போவதில்லை, கூடினால் வாளியே கொதித்துப் புகையும்.