கீமோ முடிந்த பிறகு, நோயில்லாத விதைக்கும் கதிர்வீச்சு ஏன்?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
அறுபத்தேழு வயதான என் தந்தைக்கு வலது விதை வலியே இல்லாமல் வீங்கியது. அறுவை செய்து அகற்றிப் பரிசோதித்ததில் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்தது. புதுச்சேரியில் ஆறு சுற்று ஆர்-சாப் என்ற கூட்டுமருந்துக் கீமோவும் முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஊசியும் முடிந்து, பெட் ஸ்கேனிலும் நோய் இல்லை என்று வந்துவிட்டது. இப்போது இடது விதைக்குக் கதிர்வீச்சு தர வேண்டும் என்கிறார்கள். "நன்றாக இருக்கிற இடத்தில் எதற்குக் கரண்ட் வைக்க வேண்டும்?" என்று அப்பா மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

பதில் 1 (புதுச்சேரி, கதிர்வீச்சுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
உங்கள் தந்தையின் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் வரும் பொருள்கள் எளிதில் நுழையாதபடி விதைக்குள் இயற்கையாகவே ஓர் அரண் உண்டு; விந்தணுக்களைக் காக்கும் அதே அரண் கீமோ மருந்தையும் போதிய அளவு உள்ளே விடுவதில்லை. மூளைக்கும் இப்படி ஓர் அரண் இருப்பதால்தான் முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். ஸ்கேனில் தெரியாத சில புற்றுச் செல்கள் மறு விதையில் தங்கி, ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கலாம். 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 53 பேருக்கு ஆர்-சாப், முதுகுத்தண்டு ஊசி, மறு விதைக்குக் கதிர்வீச்சு என்ற மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். மறு விதையில் நோய் திரும்பவில்லை. வழக்கமான அளவு 25 முதல் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாளொன்றுக்கு 2 கிரே, வாரம் ஐந்து நாள் என்றால் ஏறத்தாழ மூன்று வாரம்.

பதில் 2 (கடலூர் முதுநகர்):
நான் இதே சிகிச்சையை எடுத்துக்கொண்டவன். மேசையில் படுக்க வைத்து, ஆணுறுப்பை மேலே தூக்கி டேப்பால் ஒட்டிவிடுவார்கள்; முதல் நாள் கூச்சமாக இருந்தது, மூன்றாம் நாள் மறந்துவிட்டது. கதிர் பாய்வது சில நிமிடம்தான், காத்திருப்பதுதான் அதிகம். கடைசி வாரத்தில் தோல் சிவந்து எரிந்தது. தளர்வான பருத்தி வேட்டி போதும், மருத்துவரைக் கேட்காமல் பவுடரோ எண்ணெயோ தடவ வேண்டாம். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று: சில மாதங்கள் கழித்து வந்த கடும் சோர்வை வயதின் கோளாறு என்றே நினைத்திருந்தேன், இரத்தம் சோதித்தபோது விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைந்திருந்தது. அந்தப் பரிசோதனையை இப்போதே கேட்டு வையுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அரண் பற்றிப் படித்துக் காட்டியதும் அப்பா அமைதியாகக் கேட்டார். சிகிச்சை நாட்களில் பேரனைத் தூக்கலாமா என்பது மட்டுமே இப்போது அவர் கவலை.

பதில் 1:
தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து இயந்திரம் செலுத்தும் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது.