எம்பிஏ இரண்டாம் வருசம்: ஃபைனான்ஸுக்குத் துணையாக மார்க்கெட்டிங்கா, ஆபரேஷன்ஸா?

காளிங்கராயன்_வாய்க்கால் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோயம்புத்தூர்ல எம்பிஏ முதல் வருசம் முடியப்போகுது. அடுத்த செமஸ்டருக்கு ஸ்பெஷலைசேஷன் எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க. எங்க காலேஜ்ல ரெண்டு பிரிவு எடுக்கணும், ஒவ்வொண்ணுலயும் மூணு எலெக்டிவ்.

நான் பி.காம். முடிச்சுட்டு ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறது, 2பி (சப்ளையருங்க போட்ட பில்களோட ஜிஎஸ்டி பட்டியல்) மேட்ச் பண்றது, விசைத்தறி, சாயப்பட்டறை வெச்சிருக்கிறவங்க கணக்கு எழுதுறது எல்லாம் பழக்கம். அதனால ஃபைனான்ஸ் உறுதி. ரெண்டாவது எதுங்கிறதுலதான் குழப்பம். கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் மார்க்கெட்டிங். ஆபரேஷன்ஸ் பக்கம் இன்ஜினியரிங் முடிச்ச பசங்க கொஞ்சப் பேர்தான். "பி.காம். பொண்ணுக்கு ஃபேக்டரிக்குள்ள என்ன வேலை"ன்னு கேட்கிறாங்க. ஆனா முதல் வருசத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பேப்பர் ஆபரேஷன்ஸ்தான்.

ஃபைனான்ஸ்ல இருக்கிற எலெக்டிவ்: செக்யூரிட்டி அனாலிசிஸ், டெரிவேட்டிவ்ஸ், மெர்ச்சன்ட் பேங்கிங், இன்டர்நேஷனல் ஃபைனான்ஸ், ஒர்க்கிங் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட். படிச்சு முடிச்சு கொங்குப் பக்கமே வேலை பார்க்கணும்னு ஆசை. எதை எடுக்கலாம்?

பழைய_பேட்ச்

தங்கச்சி, பிளேஸ்மென்ட்தான் முக்கியம்னா ஃபைனான்ஸ் + மார்க்கெட்டிங் எடுத்துக்கோ. எங்க பேட்ச்ல கேம்பஸுக்கு வந்ததுல பாதிக்கு மேல தனியார் பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் அல்லாத நிதி நிறுவனம்), இன்ஷூரன்ஸ். எல்லாமே சேல்ஸ் வேலை. இன்டர்வியூல முதல் கேள்வியே மார்க்கெட்டிங்லதான் வரும். கையில ஒரு ஆஃபர் இருந்தா வீட்டுலயும் நிம்மதி.

நூல்_கணக்கு

மேலே தம்பி சொன்னது அவர் பார்த்த கேம்பஸுக்குச் சரி. ஆனால் உன் கேள்வியில் ஒரு வரி இருக்கிறது பாரு, "கொங்குப் பக்கமே வேலை பார்க்கணும்" என்று. நான் அதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் ஃபைனான்ஸ் பார்க்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவளும் நான்தான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கற்பனை, நடப்பு இதுதான். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடிந்து பெட்டி தூத்துக்குடியில் கப்பல் ஏற 60 நாள். அதற்குப் பிறகு பையர் பணம் அனுப்ப 75 நாள். நூல் மில்லுக்கும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் நாம் சராசரியாக 30 நாளில் பணம் கொடுக்கிறோம். 60, 75 இரண்டையும் கூட்டி 30ஐக் கழித்தால் 105 நாள். அத்தனை நாளுக்கு நம் பணம் வெளியே நிற்கிறது. ஒரு நாளைக்கு 2 லட்சம் செலவாகும் யூனிட் என்றால் 2 கோடியே 10 லட்சம். 10 சதவீத வட்டி வைத்தாலும் வருசத்துக்கு 21 லட்சம் பேங்குக்குப் போகிறது.

இதைக் குறைக்க ஃபைனான்ஸ்காரி என்ன செய்ய முடியும்? அந்த 75 நாள் பையர் கையில் இருக்கிறது. பெரிய பிராண்டிடம் போய் "சீக்கிரம் கொடுங்க" என்று பேசும் பலம் பெரும்பாலான யூனிட்டுக்குக் கிடையாது. பில்லை பேங்கில் கொடுத்து டிஸ்கவுண்ட் செய்தால் பணம் முன்னால் வரும், அதற்கும் வட்டி உண்டு.

சரி, நாம் பணம் கொடுக்கும் 30 நாளை 60 ஆக்கலாமே என்று தோன்றும். முன்னெல்லாம் அப்படித்தான் ஓட்டினார்கள். 2006இன் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. கேட்க ஆள் இல்லாததால் அது ஏட்டிலேயே இருந்தது. 2023 நிதிச் சட்டத்தால் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வருசத்தில்தான் வருமான வரிக்குச் செலவாகக் காட்ட முடியும். உன் ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாதம் இதற்காக எத்தனை போன் வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். நிட்டிங், பிரின்டிங் செய்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் குறு, சிறு பிரிவில்தான் வருவார்கள். அவர்கள் வயிற்றில் அடித்து நம் வட்டியை மிச்சம் பிடிப்பது சரியும் இல்லை.

மிச்சம் இருப்பது, கப்பல் ஏறும் வரையிலான அந்த 60 நாள்தான். அது முழுக்க ஃபேக்டரிக்குள்ளே இருக்கிறது. சாயத்துக்குப் போன துணி அங்கே காத்துக் கிடக்கும் நாளில் 10 குறைத்தால் 20 லட்சம் விடுபடும், வருசத்துக்கு 2 லட்சம் வட்டி மிச்சம். ஆனால் எந்த 10 நாள், எங்கே என்று கண்டுபிடிக்க பேலன்ஸ் ஷீட் போதாது. முதல் வருச ஆபரேஷன்ஸ் பேப்பரில் லிட்டில்ஸ் லா வந்திருந்தால் நினைவுபடுத்திக்கொள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது. தையலுக்குக் காத்திருக்கும் பீஸ் 14,000, ஒரு நாளைக்குத் தைத்து வெளியேறுவது 2,000 என்றால், ஒரு பீஸ் சராசரியாக 7 நாள் அங்கேயே கிடக்கிறது. பூப்போட்ட ஸ்லைடு எதுவும் வேண்டாம், மாடிக்கு ஏறிப் போய் பண்டலை எண்ணினால் போதும். இதைச் செய்யத் தெரிந்த ஃபைனான்ஸ் ஆள் கிடைப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஃபைனான்ஸ் படித்தவர்கள் ஃப்ளோருக்கு வருவதில்லை, ஃப்ளோரில் இருப்பவர்கள் வட்டியைப் பார்ப்பதில்லை. நீ சாயப்பட்டறைக் கணக்கும் எழுதியிருக்கிறாய், ஆபரேஷன்ஸும் பிடிக்கிறது என்கிறாய். இந்தப் பக்கத்துக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேண்டும். ஃபைனான்ஸ் + ஆபரேஷன்ஸ் எடு.

எலெக்டிவில் ஒர்க்கிங் கேப்பிட்டலையும் இன்டர்நேஷனல் ஃபைனான்ஸையும் விடாதே. பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் பேங்க் தரும் கடன்), எல்சி (பையருக்காக அவர் பேங்க் தரும் பண உத்தரவாதம்), டாலரை பேங்கில் ஃபார்வர்டு புக் பண்ணுவது (பின்னால் வரும் டாலருக்கு இன்றே ரேட் பேசி வைப்பது) எல்லாம் எங்களுக்கு அன்றாட வேலை. மெர்ச்சன்ட் பேங்கிங் உனக்கு இப்போது தேவைப்படாது. செக்யூரிட்டி அனாலிசிஸ் ஆசையாக இருந்தால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஆரம்பித்த என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் தேர்வுகளைப் பின்னால் தனியாகப் படித்து எழுதிக்கொள்ளலாம். டெரிவேட்டிவ்ஸில் ஆப்ஷனுக்கு விலை போடும் 1973ஆம் வருச பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணி என் ஆபீஸுக்கு வந்தால் அதற்கு வேலை இல்லை. ஃபார்வர்டு மட்டும் போதும், அது இன்டர்நேஷனல் ஃபைனான்ஸிலேயே வந்துவிடும். ஆபரேஷன்ஸில் சப்ளை செயின், புரொடக்ஷன் பிளானிங் இருந்தால் இரண்டையும் எடு.

பேரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதே. போன வருசக் கேள்வித்தாளை வாங்கிப் பார். கணக்கு இருக்கிற பேப்பரை வகுப்பில் படி. கட்டுரை எழுதுகிற பேப்பரை வேலைக்குப் போன பிறகும் படிக்கலாம். யார் எடுக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள். நல்லாச் சொல்லிக்கொடுக்கும் சாருக்காக மூன்றாவது எலெக்டிவை மாற்றினால்கூடத் தப்பில்லை.

ஒரகடம்_பர்ச்சேஸ்

அக்கா சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் மாறுபடுறேன். டெரிவேட்டிவ்ஸை அவ்வளவு லேசாத் தள்ளிட வேண்டாம். நான் ஆட்டோ பார்ட்ஸ் பர்ச்சேஸ்ல இருக்கேன். அலுமினியம் காஸ்டிங் வாங்குற ஒப்பந்தத்துல எல்எம்இ (லண்டன் உலோகச் சந்தை) விலைப்படி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ரேட் மாத்துவோம். ஃபியூச்சர்ஸ் (பின்னாடி வாங்க, விக்க இன்னைக்கே விலை பேசுற சந்தை ஒப்பந்தம்) எப்படி ஓடுதுன்னு காலேஜ்ல படிச்சது இங்க நேரடியா உதவுது. கோயம்புத்தூர் பம்ப், மோட்டார் கம்பெனிக்குப் போனா காப்பர் விலை தினமும் தலைவலிதான். டெக்ஸ்டைல் மட்டும்தான்னு முடிவு பண்ணிட்டா சரி, இல்லாட்டி யோசிங்க.

அப்புறம், ஃபேக்டரின்னா ஷிஃப்ட்ல மெஷின் பக்கத்துல நிக்கிறது மட்டும் இல்ல. பிபிசின்னு பிளானிங் டிபார்ட்மென்ட் இருக்கு, பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் இருக்கு. எங்க பிளானிங் ஹெட் ஒரு அம்மாதான், அவங்க படிச்சதும் பி.காம்.

காளிங்கராயன்_வாய்க்கால்

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. 43பி(எச்) சமயத்துல எங்க ஆபீஸ்ல ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து சப்ளையரோட உதயம் சர்டிபிகேட் (எம்எஸ்எம்இ பதிவுச் சான்று) எல்லாம் வாங்கி வெச்சோம். அதுக்கும் ஆபரேஷன்ஸுக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும்னு நினைச்சதே இல்ல.

ரெண்டு சந்தேகம். இந்த வருசம் புதுசா பிசினஸ் அனலிடிக்ஸ் பிரிவும் வந்திருக்கு, எல்லாரும் அதுதான் எதிர்காலம்கிறாங்க. இன்னொண்ணு, ஆள் சேராட்டி ஆபரேஷன்ஸ் எலெக்டிவையே நடத்த மாட்டோம்னு டிபார்ட்மென்ட்ல சொல்றாங்க. அப்படி ஆயிட்டா என்ன பண்றது?

நூல்_கணக்கு

அனலிடிக்ஸ் சிலபஸை ஒரு தடவை படித்துப் பார். ரிக்ரெஷன், ஃபோர்காஸ்டிங் கையால் போட வைக்கிறார்கள் என்றால் அதில் ஒரு பேப்பர் எடுக்க முடியுமா என்று கேள். சாஃப்ட்வேரில் எந்த பட்டனை அழுத்துவது என்பது மட்டும் என்றால் வேண்டாம், அதை லீவில் கற்றுக்கொள்ளலாம். முழுப் பிரிவாக அதை எடுப்பதில் உன் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. உனக்கு டேட்டா எங்கே பிறக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அந்தப் பலத்தை விட்டுவிட்டுப் போகாதே.

ஆள் சேராத விஷயத்தை இந்த வாரமே கையில் எடு. அந்த இன்ஜினியரிங் பசங்களோடு சேர்ந்து, பி.காம்., பிபிஏ முடித்தவர்களில் அப்பா தறியோ பட்டறையோ வைத்திருப்பவர்கள் யார் யார் என்று விசாரி. கோயம்புத்தூர் கிளாஸில் அப்படி நாலைந்து பேராவது இருப்பார்கள். மேலே போட்ட 105 நாள் கணக்கை அவர்கள் வீட்டு எண்ணை வைத்துப் போட்டுக் காட்டு, பாதிப் பேர் வந்துவிடுவார்கள். பேர் எழுதி, கையெழுத்தோடு ஹெச்ஓடியிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்படியும் நடக்காவிட்டால் ஃபைனான்ஸ் + மார்க்கெட்டிங் எடுத்துக்கொண்டு, கோடை இன்டர்ன்ஷிப்பைச் சாயப்பட்டறையிலோ ஸ்பின்னிங் மில்லிலோ செய். பேங்க் கிளைக்குப் போய் ஃபார்ம் நிரப்பாதே. துணி உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி, இந்த நாலையும் லாட் வாரியாக எடுத்து ஒரு ஷீட்டில் போடு. அந்த ஷீட்டோடு இன்டர்வியூவுக்கு வா. மார்க் ஷீட்டில் ஆபரேஷன்ஸ் என்று இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன்.

காளிங்கராயன்_வாய்க்கால்

சரிங்க அக்கா. எங்க பெரியப்பா பவானில சாயப்பட்டறை வெச்சிருக்கார், ஞாயித்துக்கிழமை போய் லாட் புக் கேட்கிறேன். டெரிவேட்டிவ்ஸை மூணாவது எலெக்டிவா வெச்சுக்கிறேன், அந்த சார் கணக்கு நல்லா நடத்துவார்னு சீனியர்ஸ் சொல்றாங்க.