லினக்ஸ் ரிசால்வ்: கோப்பு அளவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

நண்பர்களே, லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. மொபைலில் எடுத்த எம்பி4 கோப்பைப் போட்டால் படமும் இல்லை, ஒலியும் இல்லை. அந்தப் பதிப்பு ஹெச்.264 (வீடியோ), ஏஏசி (ஒலி) என்ற சுருக்க முறைகள் இரண்டையும் படிக்காது என்பதுதான் காரணம். எம்ஓவி என்று பெயர் மாற்றிப் பயனில்லை. பெயர்தான் மாறும், உள்ளே கோடெக் (சுருக்க முறை) அதேதான்.

எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றுக் கருவியில் வீடியோவை எடிட்டிங்குக்கான டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் கோடெக்கின் ஹெச்க்யூ தரத்துக்கும், ஒலியைச் சுருக்காத 16 பிட் பிசிஎம்முக்கும் மாற்றினால் நன்றாகத் திறக்கிறது. மொபைல் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) மாறிக்கொண்டே இருப்பதால் 30 என்று நிலைப்படுத்தியே மாற்றுகிறேன்; இல்லாவிட்டால் போகப்போக உதடும் குரலும் விலகும்.

சிக்கல் அளவுதான்: 1080பி-க்கே நிமிடத்துக்குச் சுமார் 1.6 ஜிபி. மூலக் கோப்பை ரிசால்வ் படிக்காததால், ப்ராக்ஸியில் (எடிட்டிங்குக்கான சிறிய நகலில்) வெட்டிவிட்டுக் கடைசியில் மூலத்துக்கு மாறவும் முடியாது. ஹெச்க்யூவைவிடச் சிறிய எஸ்க்யூ தரத்தில் வண்ணத் திருத்தம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வானம், தோல் நிறத்தில் நிறம் சீராக மாறாமல் பட்டை பட்டையாக விழுகிறதா?