பெருவிரல் மூட்டு வலிக்கு சப்பாத்துக்குள் வைக்கும் தகடு எங்கே கிடைக்கும்?

வணக்கம், ஹட்டன், நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்கு 61 வயது, முப்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவர், இப்போது வலது கால் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து விறைத்துப்போய், லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற படிக்கட்டில் உயிர் போகிற வலி. யூரிக் அசிட் பார்த்தாயிற்று, கௌட் (யூரிக் அசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) இல்லை, எக்ஸ்ரேயில் தேய்மானம்தான்.

டவுனில் மெத்தென்ற ஜெல் இன்சோல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், வீண்காசு. குதிகால் வலிக்கு வேண்டுமானால் சுகமாக இருக்கும், ஆனால் அம்மாவுக்கு வலிப்பது விரல் மடங்கும்போது, அதனால் மடங்கவிடாத விறைப்பான தகடு, கார்பன் ஃபைபரில் பெருவிரல் நுனி வரை நீளுகிற மாதிரி வருமே, அதைத் தேடச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்.

கண்டியிலோ கொழும்பிலோ வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? என்ன விலை? சாதாரண சப்பாத்துக்குள் அடங்குமா, இல்லை முன்பக்கம் அகலமாக, ஒரு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டுமா? அடிப்பாகம் முன்னால் வளைந்து உருளுகிற சப்பாத்தே போதும் என்கிறார்கள் சிலர், சரி, மழைநாளில் எங்கள் இறக்கத்தில் அது வழுக்காதா?

அப்புறம், அம்மா பாதி நேரம் ரப்பர் செருப்புதான். அதற்கும் ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள்.