பேரேட்டு வரி: பழைய பைக்கின் நம்பரைப் படித்த அனுபவங்கள்

பழைய பைக் வெச்சிருக்கிறவங்க, ஃபேக்டரி பேரேட்டுல (எந்த நம்பர் வண்டி என்ன மாடலா வெளியே போச்சுன்னு ஃபேக்டரியில எழுதி வெச்ச ஏடு) உங்க வண்டியோட வரியைப் பார்த்தப்போ என்ன தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. முதல்ல என்னோடது.

என் வண்டி ட்ரையம்ப் 650. இன்ஜின்ல ஜேடி (JD)-ன்னு தொடங்குற எண், பக்கத்துல டி120ஆர் (T120R), அதாவது ரெண்டு கார்புரேட்டர் வெச்ச பான்வில் மாடல். பிரேம்லயும் அதேதான். ட்ரையம்ப்ல இது ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இருந்துச்சு. ஆனா ஆர்சி புக்ல 1969, வித்தவர் சொன்னது 1970 மாடல். யாரோ பொய் சொல்றாங்கன்னு நினைச்சேன். ரெண்டுமே நிஜம்தான்.

1969 மாடல்ல இருந்து அவங்க எண்ணுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து குத்தினாங்க. முதல் எழுத்து மாசம், ரெண்டாவது மாடல் வருஷம். ஜே-ன்னா ஆகஸ்ட், டி-ன்னா 1970. புது மாடல் வருஷம் ஆகஸ்ட் வாக்கிலேயே ஆரம்பிச்சிடும். அதனால 1969 ஆகஸ்ட்ல செஞ்ச வண்டி 1970 மாடல். இதுல விரல் விட்டு எண்ணினா ஏமாந்துடுவோம். எஃப் கிடையாது, ஐ, எல், எம், ஓ எதுவும் கிடையாது. ஏழாவது எழுத்து ஜி, ஆனா அது ஜூன். டிசம்பருக்கு எக்ஸ்.

அப்புறம் ஒரு கிளப் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, பேரேட்டுல அந்தப் பக்கத்தோட நகலை வாங்கினேன். கையெழுத்துப் பக்கம். மேல டி120ஆர்-னு ஒரு தடவை எழுதிட்டு, கீழே வரிசையா மேற்படிக் குறி. நம்ம பழைய கணக்கு ஏடுகள்ல ௸ போடுவாங்களே, அந்த மாதிரி. என் எண்ணுக்கு நேராவும் மேற்படிதான். மூணு வாரம் அந்த நகலைப் பார்க்குறவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி லென்ஸ் வெச்சு வரி வரியா இறங்குறேன். என் வரிக்கு மூணு வரி மேல, மங்கின மையில டிஆர்6ஆர். எனக்கு வந்த மேற்படி அதுல இருந்து வந்தது. அதாவது ஒரு கார்புரேட்டர் வண்டியா வெளியே போனதை, யாரோ பின்னாடி ரெண்டு கார்புரேட்டர் ஹெட் போட்டு பான்வில்னு ஆக்கியிருக்காங்க.

உடனே டார்ச் எடுத்துட்டு வண்டிகிட்ட போனேன். 1969-ல இருந்து இன்ஜின் நம்பர் குத்துற தளத்துல குட்டிக் குட்டியா ட்ரையம்ப் முத்திரை புடைச்சு இருக்கும். நம்பரை மாத்தக் கூடாதுன்னே அந்த ஏற்பாடு. எண்ணுக்கு அடியில முத்திரை தெளிவா இருந்துச்சு. டி120ஆர் எழுத்துக்கு அடியில வழுவழுன்னு இருந்துச்சு. அரம் போட்ட தடம். ரெண்டு வருஷமா தினமும் துடைச்ச இடம் அது.

* * *

அண்ணே, எனக்கு நடந்தது நேர் எதிர். பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் ஒண்ணு வந்துச்சு. இன்ஜின்ல டிபிடி34, பிரேம்ல சிபி32. 34-ன்னா 500 சிசி, 32-ன்னா 350. ‘350 பிரேம்ல 500 இன்ஜினைத் தூக்கி வெச்சிருக்காங்க, தொடாதே’ன்னு கூட வந்த மெக்கானிக் சொல்லிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. நல்லவேளை, வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி பதிவேட்டுல கேட்டேன். ஒரே வரியில ரெண்டு நம்பரும் இருந்துச்சு. டிபிடி34 இன்ஜின் சிபி32 பிரேம்லதான் வந்ததே. அந்தக் காலத்து பிஎஸ்ஏ-ல இன்ஜினுக்கு ஒரு வரிசை, பிரேமுக்கு வேற வரிசை. இந்த இன்ஜின் இந்தப் பிரேமோடதுதானான்னு பேரேடு ஒண்ணுதான் சொல்லும். ரெண்டும் ஒரே எண்ணா இருந்திருந்தாத்தான் நான் பயந்திருக்கணும்.

* * *

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த வின்சென்ட் ட்வின் (ரெண்டு சிலிண்டர் வண்டி) பார்க்கப் போறவங்களுக்கு ஒண்ணு: பிரேம் நம்பர்ல இருந்து இன்ஜின் நம்பரைக் கழிங்க. 1900 வரணும். நண்பர் ஒருத்தரோட வின்சென்ட் ரேபிட்ல கழிச்சுப் பார்த்தோம், சரியா 1900. அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான். கிராங்க் கேஸ் (இன்ஜினோட அடிப்பெட்டி) ரெண்டு பாதியிலயும் ஒரே ஜோடிக் குறி குத்தியிருக்கும், அதையும் குனிஞ்சு பாருங்க. ஒரு பாதி மாறியிருந்தா அங்கே தெரிஞ்சிடும்.

* * *

என்னிடம் இருப்பது ட்ரையம்ப் டி140வி. குறி ஜேஜே, அதாவது 1973 ஆகஸ்ட், 1974 மாடல். பதிவேட்டில் வெளியே அனுப்பிய தேதியோ 1974-இன் பிற்பாதி. ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு வண்டி எங்கே நின்றது? எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. 1973 செப்டம்பரில் இங்கிலாந்தில் இருந்த ட்ரையம்ப்பின் மெரிடன் தொழிற்சாலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்ததும், தொழிலாளர்கள் வாயிலை மறித்து உள்ளேயே இருந்துவிட்டார்கள். செய்து முடித்த வண்டிகளும் அவர்களோடு உள்ளே நின்றன. 1975 மார்ச்சில் அது தொழிலாளர் கூட்டுறவாக மீண்டது. இரண்டு தேதிகளுக்கு நடுவில் அந்தப் போராட்டம் இருக்கிறது. செய்த தேதி வேறு, அனுப்பிய தேதி வேறு. பதிவேட்டில் எந்தத் தேதி எதைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள்.

* * *

எல்லாருக்கும் நன்றி. வண்டியை என்ன செஞ்சேன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. டிஆர்6ஆர்-க்கு உரிய ஹெட் ஒண்ணு கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் மாட்டுறேன். டி120ஆர்-னு குத்தினதை அழிக்கல. அந்த இடத்துல இன்னொரு தடவை அரம் படக் கூடாது. பேரேட்டு நகல்ல அந்த மங்கின வரியை பென்சில்ல வட்டம் போட்டு, ஆர்சி புக்கோட சேர்த்து வெச்சிருக்கேன். எனக்கு அடுத்து வர்றவர் முதல்ல அதைத்தான் பார்ப்பார்.