மூவாயிரம் நடுகல் படங்களை வேர்ட்பிரஸில் மொத்தமாக ஏற்ற வேண்டும்: சில ஊர்ப் படங்கள் மட்டும் திறக்கவில்லை

கல்தேடி:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த நடுகல் படங்கள் மூவாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் கிடந்தவை. சில கற்கள் இப்போது அந்த இடத்தில் இல்லை, படம்தான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடும் எங்கள் தளத்தில் ஏற்றியே ஆக வேண்டும்.

பிரவுசரில் இழுத்துப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. எனவே நண்பர் தன் பழைய மேக்கிலிருந்து எஃப்டிபி (சர்வருக்கு நேரடியாகக் கோப்பு அனுப்பும் முறை) வழியாக அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டன, ஆனால் வேர்ட்பிரஸின் படப் பட்டியலான மீடியா லைப்ரரியில் ஒன்றுகூடக் காணோம். நேரடியாக முகவரி அடித்தால் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை படங்கள் திறக்கின்றன. பாலக்கோடு, மொரப்பூர், தேன்கனிக்கோட்டை படங்களுக்கு 404, அதாவது ‘கோப்பு இல்லை’ என்ற பிழை வருகிறது. ஃபோல்டரில் அவையும் இருக்கின்றன, பெயரில் பிழையும் இல்லை. நான் விண்டோஸில்தான் பார்க்கிறேன். என்ன செய்யலாம்?

சர்வர்சாமி:

ஐயா, எஃப்டிபியில் போட்டால் கோப்பு மட்டும்தான் போகும். படம் லைப்ரரியில் தெரிய டேட்டாபேஸிலும் ஒரு பதிவு விழ வேண்டும். ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்ஹெச் (சர்வருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வசதி) இருந்தால், வேர்ட்பிரஸைக் கட்டளையால் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் ‘மீடியா இம்போர்ட்’ கட்டளை ஒரு ஃபோல்டரில் உள்ள படங்களையெல்லாம் உள்ளே இழுத்துப் பதிவும் போட்டுவிடும்.

ஓலைப்பெட்டி:

சர்வர்சாமி சொன்ன வழி சரி. ஆனால் அதற்கு முன் பெயரைச் சரிசெய்யுங்கள் ஐயா. திறக்காத ஊர்களை மறுபடி பாருங்கள்: கோ, மொ, கோ. மூன்றிலும் ஒகர, ஓகாரக் குறி இருக்கிறது. திறக்கும் ஊர்களில் அது இல்லை.

எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யூனிகோடில் ‘மொ’வை இரண்டு விதமாக வைக்கலாம். ம-வுக்குப் பின் ஒகரக் குறி முழுவதும் ஒரே எண்ணாக இருக்கலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகப் பிரிந்திருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய மேக்கின் கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். நீங்கள் விண்டோஸில் அடிப்பது சேர்ந்த வடிவம். லினக்ஸ் சர்வர் எண்களை அப்படியே ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். நான் ஆவணங்களை மின்னாக்கம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ்ப் பெயர் வைத்த ஃபோல்டர் மேக்கிலிருந்து வந்தாலே முதலில் இதைத்தான் பார்ப்போம்.

கோப்புக்குத் தமிழ்ப் பெயரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரோமன் எழுத்தில் மாவட்டக் குறியும் வரிசை எண்ணும் போதும். ஊர், காலம், கல்வெட்டு வாசகம் எல்லாம் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) அட்டவணையில் இருக்கட்டும். எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள், சாதா சிஎஸ்வியில் தமிழ் கேள்விக்குறியாகிவிடும். இம்போர்ட் கட்டளை தலைப்பு, மாற்று உரை, படவிளக்கம், விவரம் நான்கையும் வாங்கிக்கொள்ளும். அட்டவணையை வரிவரியாகப் படித்து அந்தக் கட்டளையை ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் போதும். முதலில் இருபது படம் ஏற்றிப் பார்த்துவிட்டு மீதியை விடுங்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் தனிப் பதிவு போடுவதானால் அதன் முகவரியையும் ரோமனிலேயே கொடுங்கள். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 எழுத்தாக விரியும், வேர்ட்பிரஸ் 200-இல் வெட்டிவிடும். ‘தேன்கனிக்கோட்டை-நடுகல்’ என்பதற்கே 190 போய்விடுகிறது.

இடத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் 150 முதல் 2048 பிக்சல் வரை ஆறு அளவு, 2560-க்குச் சுருக்கியது ஒன்று, மூலப்படம் ஒன்று என்று எட்டுக் கோப்பு உருவாகும். மூவாயிரம் படம் இருபத்துநாலாயிரம் கோப்பாகும். உங்கள் ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. போனில் எடுத்த படமென்றால் அதற்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு இருக்கக்கூடும். வேர்ட்பிரஸ் மூலப்படத்தை அப்படியே வைத்திருக்கும், அப்படி இருந்தால் யார் இறக்கினாலும் கல் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எக்சிஃப்டூல் என்ற கருவியில் ஒரே கட்டளையில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நீக்கலாம். நீக்காத பிரதி உங்கள் கையில் பத்திரமாக இருக்கட்டும், ஆய்வாளர் கேட்டால் அதிலிருந்து கொடுக்கலாம்.

கல்தேடி:

ரொம்ப நன்றிம்மா. ஜிபிஎஸ் விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை, அதை இன்றைக்கே நீக்கச் சொல்கிறேன். எஸ்எஸ்ஹெச் இருக்கிறதாம், ஹோஸ்டிங்காரரிடம் கேட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: கோப்புக்கு எண் வைத்துவிட்டால், ‘மொரப்பூர்’ என்று தளத்தில் தேடுகிறவருக்குப் படம் கிடைக்குமா?

ஓலைப்பெட்டி:

ஒவ்வொரு கல்லுக்கும் தனிப் பதிவு போட்டால் கிடைக்கும் ஐயா. தளத்தின் தேடல் பதிவுகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் உள்ளடக்கத்தையும்தான் பார்க்கும், மீடியா லைப்ரரியில் உள்ள படங்களைத் தானாகக் காட்டாது. ஆனால் அட்டவணையில் ஊர்ப்பெயரை விசைப்பலகையில் அடித்தே நிரப்புங்கள். மேக் ஃபோல்டரிலிருந்து வெட்டி ஒட்டினால் பிரிந்த கொம்பும் காலும் கூடவே வந்துவிடும், தேடுகிறவர் அடிக்கும் ‘மொ’வோடு சேராது.