கப்பலில் மெஜிக் செய்யப் போக விருப்பம், எப்படித் தனித்துத் தெரிவது?

களுவாஞ்சிக்குடி_மெஜிக்:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட விழா, பிறந்தநாள், சீசன் நேரம் பாசிக்குடா ஹோட்டல்கள் என்று மெஜிக் செய்து வருகிறேன். சுற்றுலாக் கப்பல்களில் போய்ச் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சில ஏஜென்சிகளுக்கு வீடியோ அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் விண்ணப்பிக்கிற இடத்தில் மட்டக்களப்பில் இருக்கிற ஒருவன் கண்ணில் படுவதற்கு என்ன வழி? ஆளை இரண்டாக வெட்டுகிற பெட்டி மாதிரிப் பெரிய சாமான் ஏதும் கடன்பட்டாவது வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வீடியோ லிங்க் கீழே.

அக்கரைப்பற்று_சவுண்ட்:
தம்பி, பெட்டிக்காகக் கடன் படாதீர்கள். நான் கப்பல் தியேட்டரில் சவுண்ட் வேலை செய்தவன். மெஜிக் செய்ய வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரு துறைமுகத்தில் ஏறி, ஷோவை முடித்து, அடுத்து எங்கோ இறங்கி விமானம் பிடித்துப் போகிற ஆட்கள். அதனால் சாமான் முழுக்க இரண்டு சூட்கேஸுக்குள் அடங்க வேண்டும், மேடையில் விரித்தால் பெரிய தியேட்டர் நிறைய வேண்டும். நெருப்பு வித்தைக்கு அநேகமாக விடமாட்டார்கள், புறா முயல் எல்லாம் நினைக்கவே வேண்டாம். கடல் குழம்பினால் மேடையும் ஆடும், அதனால் அடுக்கி வைக்கிற, நூலில் தொங்கவிடுகிற வித்தைகளுக்கு ஒரு மாற்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பெரும்பாலும் 45 நிமிட ஷோ இரண்டு கேட்பார்கள், இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும், ஏனென்றால் கப்பலில் இருக்கிற சனம் அதே சனம். நம்மில் பலரிடம் நல்ல 20 நிமிடம் இருக்கும், அதோடு சரி. "இரண்டு முழு ஷோ, இரண்டு சூட்கேஸ், மேசை மேசையாகப் போயும் செய்வேன்" என்று மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கல்லடி_மத்தளம்:
சவுண்ட் காக்கா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அதெல்லாம் உள்ள ஆட்களும் நிறைய இருப்பார்கள்.

தம்பி, வீடியோ பார்த்தேன். முதல் நிமிடம் முழுக்க உங்கள் பெயரும் சினிமாப் பாட்டும்தான், சனம் சிரிக்கிற கைதட்டுகிற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் எல்லாரும் கடையில் வாங்குகிற அதே வித்தைகள். ஆனால் கடைசியில் ஒரு பிள்ளைக்குச் செய்து காட்டுகிறீர்களே, மூன்று சிரட்டையைக் கவிழ்த்து வைத்து நூல் பந்தை மறைக்கிறது, தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேசிக்காய், அந்தப் பிள்ளை அதை எடுத்து மணந்து பார்க்கிறாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்கிற இந்த வித்தை உரோமர் காலத்திலேயே இருந்தது, உரோமத் தத்துவஞானி செனெக்கா தன் கடிதம் ஒன்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று அநேகமானோர் செய்வது உலோகக் கிண்ணத்தில். சிரட்டை உங்களுடையது, அதை முதலில் வையுங்கள்.

பாட்டை எடுத்துவிட்டு மத்தளம் போடுங்கள். நம் வடமோடிக் கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போதே அது அரசனா வேறு யாருமா என்று வரவுத் தாளம் காட்டிவிடும், அதே மாதிரி நீங்கள் மேடைக்கு வருகிற வரவும் இருக்க வேண்டும். கூத்து உடுப்பும் கிரீடமும் போட்டு நிற்கச் சொல்லவில்லை, அது வேடம் கட்டினதாகப் போய்விடும். சீசனில் அறுகம்பேக்குப் போய், வெளிநாட்டு ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் முகமும் உங்கள் கையும் ஒரே பிரேமில் தெரிகிற மாதிரி வெட்டாமல் எடுங்கள். மூன்று நிமிடம் போதும்.

களுவாஞ்சிக்குடி_மெஜிக்:
அக்கா, சிரட்டை வித்தையை யாரும் கவனிப்பார்கள் என்றே நினைக்கவில்லை, மிக்க நன்றி. காக்கா, சிரட்டையும் தேசிக்காயும் கொண்டு போக விடுவார்களா? ஓர் ஏஜென்சி பதிவுக்கு என்று முற்பணம் கேட்கிறது, கட்டலாமா?

அக்கரைப்பற்று_சவுண்ட்:
கட்டவே வேண்டாம். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை எடுத்துத் தருவதற்குக் கடலோடியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம் மாதிரியான செலவுதான் உங்களுடையது. அந்த ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டுப் பாருங்கள். சிரட்டையை நன்றாகச் சுரண்டி மினுக்கி வையுங்கள், அவுஸ்திரேலியாவில் இறங்கினால் தாவரப் பொருள் என்று கட்டாயம் அறிவிக்க வேண்டும். தேசிக்காய் கப்பல் குசினியில் கேட்டால் கிடைக்கும்.

கல்முனை_கடற்கரை:
ஒருவரும் சொல்லாத ஒன்று. 2023இல் சென்னையில் இருந்து கோர்டிலியா என்கிற இந்தியக் கம்பனியின் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனது. அப்படியான கப்பலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசிச் சிரிக்க வைக்கிற மெஜிக்காரன் லேசில் கிடைக்கமாட்டான். பெரிய கப்பல் கம்பனிகள் இருக்கிற மயாமிக்கு எழுதுவதோடு நிற்காமல், கோர்டிலியாவுக்கு என்று தமிழிலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் தம்பி.